எவன் குடுத்தான் என்பதா கேள்வி?

2022 ஆகஸ்டில் விருத்தாசலம் போயிருந்தபோது, செராமிக் சூளையில் வேலை பார்க்கும் மாமா டீக்கடையில் கேட்டார்: "தூத்துக்குடி ரிப்போர்ட்டு வெளிய வந்துருச்சாமே, எவன் மாப்ள குடுத்திருப்பான்?" அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அப்போதுதான் ஃப்ரண்ட்லைனில் கசிந்திருந்தது. மாமாவை விடுங்க. படித்தவர்களும் முதலில் இதையேதான் கேட்டார்கள், எனக்கு எரிச்சல் அங்கேதான்.

2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். நான்கு வருஷ விசாரணை முடிந்து, 2022 மே 18 அன்று இறுதி அறிக்கை முதல்வர் கைக்குப் போனது. சட்டமன்றத்துக்கு வந்தது அக்டோபர் 18. "ஆறு மாசத்துக்குள்ள வெச்சாச்சே, 1952 சட்டப்படி சரிதானே" என்பார்கள். சரிதான். ஆனா கெடு என்றால் கடைசி நாள். அதுவரைக்கும் ஊறப்போடணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. அப்படி அதில் என்ன ராணுவ ரகசியமா இருந்தது? தப்பி ஓடியவர்களைச் சுட்டது இருந்தது. டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் பழனிசாமி சொன்னது சரியில்லை என்பது இருந்தது. இது வெளியே வந்தால் நாட்டுக்கு என்ன ஆபத்து?

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் காரணத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்புவோம். அந்த மெயிலை யார் ஃபார்வர்ட் செய்தது என்று முதலில் தேடுகிற மேனேஜரை யாரும் நம்ப மாட்டோம்.

டெல்லியும் இதே ரகம்தான். ரஃபேல் ஆவணங்களை 'தி இந்து' வெளியிட்டதும், 2019 மார்ச் 6 அன்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் திருட்டு என்றார், 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டினார். இரண்டே நாளில், திருடுபோனது அசல் இல்லை, ஜெராக்ஸ் என்று விளக்கம். ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் அரசின் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது.

கசியவிடுகிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. 1997 நவம்பரில் ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கை இந்தியா டுடேயில் கசிந்தது. தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது காங்கிரஸ். மாத முடிவுக்குள் குஜ்ரால் ஆட்சி போச்சு. அறிக்கை ஆகஸ்டிலேயே அரசிடம் இருந்தது. அன்றைக்கே முழுசாக வெளியிட்டிருந்தால், வேண்டிய பக்கத்தை வேண்டிய நேரத்தில் எடுத்துவிடும் வேலைக்கு இடமே இருந்திருக்காது. பூட்டி வைக்கிறவன்தான் கசிவுக்கு விலை ஏற்றுகிறான்.

அருணா ஜெகதீசன் அறிக்கை 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மாமா அடுத்த தடவை 'எவன் குடுத்தான்' என்று ஆரம்பித்தால், அந்த 17 பேர் என்ன ஆனாங்க மாமான்னு கேக்கணும்.