பலகையில் இடம் இருந்ததா?

ஜேம்ஸ் கேமரூனின் ‘டைட்டானிக்’ 1997 டிசம்பரில் வெளிவந்தது. 11 ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. உலக வசூலில் நூறு கோடி டாலரைத் தொட்ட முதல் படம் என்று பெயரெடுத்தது. இத்தனைக்கும் பிறகு பார்வையாளர்கள் மத்தியில் ஓயாமல் நடந்துகொண்டிருப்பது ஒரு பலகையைப் பற்றிய வழக்குதான். கப்பல் மூழ்கியபின் நாயகி ரோஸ் ஏறிப் படுத்துக்கொள்ளும் மரப்பலகையில் அவள் காதலன் ஜாக்குக்கும் இடம் இருந்திருக்காதா? கொஞ்சம் ஒதுங்கிப் படுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பானே? விமர்சகர்களுக்கு இது அசட்டுக் கேள்வி. கதைக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களின் அரட்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் கட்சி வேறு. இந்தப் படத்தின்மேல் வைக்கப்பட்ட கேள்விகளிலேயே கனமானது இதுதான். மதிப்புரைகள் போய்ச் சேராத இடத்துக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்த கூட்டம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எழுதப்பட்ட மதிப்புரைகளில் பலவும் ஒரே பாட்டைத்தான் பாடின: காதல் கதை பலவீனம், வசனம் மட்டம், ஆனால் கப்பல் மூழ்கும் பகுதி பிரமாதம். ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ விமர்சகர் கென்னத் டூரன் திரைக்கதையைக் கடுமையாகச் சாடினார். கேமரூன் அதே நாளிதழுக்குக் கோபமாகப் பதில் எழுதினார். 14 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தபோதும் அவற்றில் திரைக்கதைக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் பிரம்மாண்டத்தைப் பார்க்க மட்டும் வருகிறவன் ஒருமுறை வந்து போய்விடுவான். இந்தப் படம் அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரே நாளில் அது அங்கே அதிகம் சம்பாதித்தது வெளியான எட்டு வாரத்துக்குப் பிறகு, 1998 பிப்ரவரி 14 அன்று. முடிவு என்னவென்று தெரிந்தவர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள். கப்பல் மூழ்கும் என்பது முதல்முறை வந்தவர்களுக்கே தெரியும். 1912இலிருந்து உலகத்துக்கே தெரியும். தெரிந்த சாவைப் பார்க்க மறுபடி வருவதன் காரணத்தை வசூல் கணக்கு சொல்லாது, பலகை வழக்கு சொல்லும். (இதே படத்தை 2003இல் பிபிசியின் திரைப்பட நிகழ்ச்சி நேயர்கள் எல்லாக் காலத்துக்கும் மோசமான படம் என்று தேர்ந்தெடுத்தார்கள். இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக ரசித்த எதற்கும் இப்படியொரு தண்டனை பின்னால் வந்து சேரும்போலிருக்கிறது.)

பலகையை முதலில் பார்த்துவிடுவோம். எல்லோரும் கதவு என்று சொன்னாலும் அது கதவு இல்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிஜக் கப்பலின் முதல் வகுப்புக் கூடத்து மரவேலைப்பாட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. படத்தில் மிதப்பது கிட்டத்தட்ட அதன் நகல். 2024இல் அந்த நகல் ஏழு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பலகையில் பரப்பு போதும், மிதப்புதான் போதாது என்பது கேமரூன் தரப்பு வாதம். படத்திலும் ஜாக் ஒருமுறை ஏறப் பார்க்கிறான், பலகை கவிழ்கிறது, அதோடு விட்டுவிடுகிறான். 2012இல் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் உயிர்காப்பு அங்கியைப் பலகைக்கு அடியில் கட்டினால் இருவரையும் தாங்கும் என்று செய்து காட்டியது. அவன் செத்தாக வேண்டும், திரைக்கதை அப்படித்தான் என்று கேமரூன் தட்டிக்கழித்துப் பார்த்தார். வழக்கு ஓயவில்லை. கடைசியில் 2023இல் அவரே தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி, ஜாக், ரோஸ் உடல்வாகுள்ள இருவரை இறக்கிச் சோதித்தார். ஒரு அமைப்பில் ஜாக் தப்பியிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார்; கூடவே, ரோஸுக்கு ஆபத்து வரும் எதையும் ஜாக் செய்திருக்க மாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார். பார்வையாளர் கருத்துக்காக ஒரு இயக்குநர் கால் நூற்றாண்டு கழித்துத் தன் படத்தைத் தானே மறுவிசாரணை செய்தது சினிமாவில் அபூர்வம்.

அற்பக் கேள்வி என்கிறவர்களுக்கு முதல் பதில் வரலாற்றில் இருக்கிறது. ‘இடம் இருந்ததா?’ என்பதுதான் 1912இன் கேள்வியும். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். இருந்த 20 படகுகளில் 1,178 பேர் ஏறலாம். காப்பாற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 700 பேர். அதாவது போதாத படகுகளிலும் நூற்றுக்கணக்கான இடங்கள் காலியாகவே போயின. முதலாம் எண் படகில் 40 பேர் போகலாம். போனவர்கள் 12 பேர். படகுகள் போதாததில் சட்டமீறலும் இல்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகு போதும் என்பது அன்றைய பிரிட்டிஷ் விதி. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின, விதி அங்கேயே நின்றது. 46,000 டன் டைட்டானிக் விதி கேட்டதைவிட நான்கு படகு கூடுதலாகவே வைத்திருந்தது. மெர்ஸி பிரபு தலைமையில் நடந்த பிரிட்டிஷ் விசாரணை, மூன்றாம் வகுப்புப் பயணிகளிடம் பாரபட்சம் காட்டப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த விசாரணைக்கு மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பன்னிரண்டு பேர் போன அந்த முதலாம் எண் படகின் சீமான் தம்பதியான டஃப் கார்டன்கள் சாட்சி சொன்னார்கள். முதல் வகுப்புப் பெண்களில் நூற்றுக்கு 97 பேர் பிழைத்தார்கள்; மூன்றாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர்கூட இல்லை. கொஞ்சம் நகர்ந்துகொண்டால் இன்னொருவர் ஏறலாமே என்று பார்வையாளர் கேட்கும்போது, அந்த விசாரணை மன்றத்தில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் நேரில் கேட்க முடியாமல் போன கேள்வியைத்தான் கேட்கிறார். படகுகள் அருகிலேயே நின்றும் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது என்று படத்தில் பழைய கதையை நினைவுகூரும் மூதாட்டி ரோஸ் சொல்கிறாள். கேள்வி அங்கே எழுகிறது. உடனே படம் அதை ஒரு பலகையின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. சுருங்கியதைப் பார்வையாளர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இது துன்பியல், துன்பியலில் காதலன் சாகத்தானே வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். கப்பலில் நடக்கும் ரோமியோ ஜூலியட் என்று சொல்லித்தான் கேமரூன் இந்தக் கதையைத் தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோனார். சாவு வரட்டும், எங்கிருந்து வருகிறது என்பதுதான் பேச்சு. இளங்கோ ஊழ்வினையைத் தன் காப்பியத்தின் தூண்களில் ஒன்றாக நிறுத்தினார். ஆனாலும் கண்ணகியை விதியே என்று அழுதுகொண்டிருக்க விடவில்லை, கையில் சிலம்போடு அரசவைக்கு அனுப்பி வழக்காட வைத்தார். பலகை வழக்காடுகிறவர்களும் சாட்சியம் தேடிப் போனவர்களே. போன வழியில், படம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். ரோஸ் ஒருமுறை உயிர்காப்புப் படகில் ஏற்றப்படுகிறாள். படகு இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஜாக்கைப் பிரிய மனமில்லாமல் கப்பலுக்கே தாவித் திரும்புகிறாள். அவள் அந்தப் படகிலேயே போயிருந்தால், பலகையில் ஜாக் தனியாகப் படுத்துக் கிடந்திருப்பான், பிழைத்தும் இருப்பான். அவனைக் கொன்றது கடல் மட்டும் இல்லை, அவள் காதலும்தான். அசல் துன்பியல் இங்கே இருந்தது. மூதாட்டியான ரோஸ் இத்தனை மணி நேரம் கதை சொல்கிறாள், இதைப் பற்றி அவளுக்கு ஒரு சொல்கூட எழுதித் தரப்படவில்லை. ஜாக் தன்னை எல்லா வகையிலும் காப்பாற்றினான் என்று சொல்ல மட்டும் வைத்திருக்கிறார்கள். டூரன் குறை கண்ட திரைக்கதையின் உண்மையான குறை வசனத்தில் இல்லை, இந்த மௌனத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் காதல் கதையை நம்பிப் பார்த்தவர்கள்; காதலைப் பொறுத்துக்கொண்டு பனிப்பாறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது தென்பட வாய்ப்பில்லை.

உண்மையில் 1,500 பேர் செத்த இடத்தில் இரண்டு கற்பனை மனிதர்களுக்காக அழ வைப்பது அநியாயம் என்பது இன்னொரு தரப்பு. இதற்குத் தூய மாதிரியாகக் காட்டப்படுவது, வால்டர் லார்டின் நூலை வைத்து ராய் வார்ட் பேக்கர் 1958இல் எடுத்த ‘எ நைட் டு ரிமம்பர்’. நல்ல படம், மறுப்பில்லை. ஆனால் ஜாக்கும் ரோஸும் இல்லாவிட்டால் கேமரூனின் படம் முதல் வகுப்பு உணவுக்கூடத்திலிருந்து கீழ்த்தளத்து நடனத்துக்கும், அங்கிருந்து பூட்டிய கம்பிக் கதவுக்கும் ஒரே மூச்சில் போயிருக்க முடியாது. இந்த இருவரோடுதான் படம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. அன்றைய சீன அதிபர் ஜியாங் ஜெமின் தம் கட்சித் தோழர்களை இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார். முந்தைய தாலிபான் ஆட்சியின் காபூலில், ஜாக் மாதிரி முடி வெட்டிவிட்டதற்காக முடிதிருத்துவோர் கைதானார்கள். அங்கே வற்றிய ஆற்றுப் படுகையில் முளைத்த சந்தைக்கு டைட்டானிக் சந்தை என்றே பெயர் வந்தது. பாரபட்சமே இல்லை என்று சொன்ன விசாரணை அறிக்கையை யாரும் அப்படிச் சுமந்து திரியவில்லை.

கற்பனை மனிதனைச் சாகடிக்கலாம். நிஜ மனிதன்மேல் கற்பனைக் குற்றம் சுமத்தலாமா? படத்தில் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பணக்காரனிடம் காசு வாங்குகிறார், பிறகு அதை அவன் முகத்திலேயே விட்டெறிந்தாலும் பயணிகளைச் சுடுகிறார், தன்னையும் சுட்டுக்கொள்கிறார். ஒரு அதிகாரி சுட்டுக்கொண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. அது மர்டாக் என்று நிறுவப்படவில்லை. காசு வாங்கியது முழுக் கற்பனை. அவர் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் டல்பீட்டி மக்கள் கொதித்தார்கள். 1998இல் படத்தைத் தயாரித்தவற்றில் ஒன்றான ஃபாக்ஸ் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அங்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, ஊர்ப் பள்ளியில் மர்டாக் பெயரிலான பரிசுக்கு 5,000 பவுண்டு கொடுத்தார். மன்னிப்பு வந்தது, காட்சி படத்திலேயே இருக்கிறது.

நீக்கிய காட்சியின் கதை இதைவிட விசித்திரம். கப்பலில் மூன்றாம் வகுப்பில் சீனத் தொழிலாளிகள் எட்டுப் பேர் வந்தார்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஃபாங் லாங் என்பவர் மிதக்கும் மரத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தார். அதிகாரி லோ திருப்பிக் கொண்டுவந்த படகு அவரைத் தூக்கியது. படத்தில் அந்தப் படகு கண்டெடுப்பது ரோஸை. நியூயார்க் வந்து சேர்ந்த சீனர்களை, சீனரை விலக்கும் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உள்ளே விடவில்லை. மறுநாளே வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஃபாங் லாங் மீட்கப்படுவதைக் கேமரூன் படமாக்கினார், பிறகு வெட்டிவிட்டார். ஒரே பலகைதான் உணர்ச்சியைத் தாங்கும், இரண்டாவது வந்தால் ரோஸின் காட்சி நீர்த்துவிடும் என்று படத்தொகுப்பாளர் சொல்லலாம். அந்த வாதத்தில் தொழில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரத்தால் உண்மையில் உயிர் பிழைத்த ஒருவர் வெளியே போனதற்கும், மரத்தில் இடமில்லாமல் செத்த கற்பனை மனிதன் உள்ளே இருப்பதற்கும் அந்த நியாயம் போதாது. இந்த ஆறு பேரைப் பற்றி ஆர்தர் ஜோன்ஸ் எடுத்த ‘தி சிக்ஸ்’ ஆவணப்படத்துக்குக் கேமரூனே நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். விஷயம் அவருக்குத் தெரியாதது அல்ல.

2012இல் படம் முப்பரிமாணத்தில் மறுபடி வெளிவந்தபோது ஒரே ஒரு திருத்தம் செய்தார். ரோஸ் பலகையில் கிடந்து பார்க்கும் வானத்தில் நட்சத்திரங்கள் அந்த இரவுக்குரியவை அல்ல என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் குறை சொல்லியிருந்தார்; வானத்தை மாற்றினார். 2023இல் இன்னொரு முறை வெளியிட்டார். மர்டாக் இரண்டு முறையும் காசு வாங்கினார், ஃபாங் லாங் இரண்டு முறையும் வெளியிலேயே இருந்தார். அடுத்த வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்கள் ஜாக்கை விட்டு இந்த இருவருக்காகவும் நச்சரிக்கத் தொடங்கலாம். பலகைக்காக நச்சரித்தபோது மனிதர் தொட்டியில் ஆளை இறக்கிப் பதில் சொன்னவர்தானே.