கட்டு மொத்தமா என்ன விலை?

பழைய காமிக்ஸ் வேட்டைக்கு இறங்குகிறவன் முதலில் தன் முகத்தைப் பழக்க வேண்டும். கட்டுக்கு நடுவே ஒரு முத்து காமிக்ஸின் முதுகு தெரிந்தாலும் கண் அங்கே நிற்கக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் பத்தாம் வகுப்பு கைடையோ கோலப் புத்தகத்தையோ எடுத்துப் புரட்ட வேண்டும். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, “அண்ணே, இந்தக் கட்டு மொத்தமா என்ன விலை?” “எதுக்குப்பா?” என்று கடைக்காரர் கேட்டால், “வீட்ல பசங்க இருக்காங்க, படம் பார்ப்பாங்க” என்று ஒரு பொய். தலை நரைத்த பிறகும் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எங்களில் உண்டு.

இதைச் சாமர்த்தியம் என்று எங்களுக்குள் பேசிச் சிரித்திருக்கிறோம். திருவல்லிக்கேணி பாரதி சாலையின் ஞாயிற்றுக்கிழமைப் பிளாட்பாரம், மயிலாப்பூர் லஸ் முனை, பல்லாவரம் வெள்ளிச் சந்தை, கோவை உக்கடம், ஒவ்வொரு ஊரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய பழைய பேப்பர் கடை என எல்லா இடத்திலும் இதே நாடகம்தான். எங்களுக்கு மூத்தவர்கள் மூர் மார்க்கெட்டில், 1985-ல் அது எரியும்வரை, இதே நாடகத்தை ஆடியிருக்கிறார்கள். சல்லிசாகக் கிடைத்தது என்று ஒருவன் மார்தட்டினால், அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை என்று இன்னொருவர் நம்பியிருக்கிறார் என்று பொருள். அந்த நம்பிக்கை கலைந்துவிடாமல் பார்த்துக்கொண்டது நாங்கள். விலை ஏறிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

விளைவு என்ன என்று யோசிக்கவே இல்லை. கடைக்காரர் வியாபாரி. எது போகும், எது போகாது என்பதை வாங்குகிறவனின் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். பொறியியல் பாடப் புத்தகத்துக்கு மாணவர்கள் ஆவலாய்ப் பாய்ந்ததால் அதற்கு அலமாரி கிடைத்தது. தடித்த ஆங்கில நாவலுக்கும் ஓரிடம் கிடைத்தது. காமிக்ஸை நாங்கள் குப்பைபோலக் கேட்டு வாங்கியதால் அவரும் அதைக் குப்பையாகவே நடத்தினார். நாங்கள் போகாத வாரங்களில் வந்த கட்டுகள் எடைக்குப் போயின. சில காகித ஆலைக்கு, சில மளிகைக் கடைப் பொட்டலத்துக்கு. பட்டாசு சுற்றவும் பழைய தாள் பயன்படுவதுண்டு. சிவகாசியில் அச்சான இரும்புக்கை மாயாவி சிவகாசிக்கே திரும்பிப்போய் ஏதோ ஒரு தீபாவளியில் வெடித்துச் சிதறியிருக்கவும் கூடும். “இதெல்லாம் வந்தா எடுத்து வைங்க, நல்ல விலை தர்றேன்” என்று ஒரே ஒரு வாக்கியம் நாங்கள் சொல்லியிருந்தால் போதும்.

வீட்டில் அம்மா எடைக்குப் போட்டுவிட்டார் என்ற புலம்பல் எங்கள் கூட்டத்தில் எப்போதும் கேட்கும். அம்மாக்கள் மேல் பழியைப் போடுவது எளிது. அவர்களாவது மதிப்புத் தெரியாமல் போட்டார்கள்.

கையில் கிடைத்தவற்றிலும் எல்லாவற்றையும் எடுத்தோமா? 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன், அதே ஆண்டில் வந்து 500 இதழ்கள் ஓடி 2005-ல் நின்ற ராணி காமிக்ஸ். இவற்றில்கூட மாயாவி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர் என்று நாயகன் பார்த்துத்தான் பொறுக்கினோம். (மாயாவியிலும் இரண்டு பேர். ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவியை நீட்டிய கடைக்காரர்களிடம் “இது இல்லண்ணே, கையை வெச்சு மறையுறவன்” என்று விளக்கி, மறைத்து வைத்த ஆசையை நாங்களே போட்டு உடைத்ததும் உண்டு.) அம்புலிமாமா, பூந்தளிர், கோகுலம், ரத்னபாலா எல்லாம் “சின்னப் பசங்க சமாசாரம்” என்று கட்டிலிருந்து உருவித் தள்ளிவிட்டு வந்தோம். நாங்கள் தேடியதே சின்னப் பசங்க சமாசாரம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அப்படித் தள்ளிய அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன். தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924-ல் பிறந்தவர். 1950-களின் தொடக்கத்திலேயே அந்த இதழில் சேர்ந்து, பல மொழிகளில் வெளியான கதைகளுக்குப் பல பத்தாண்டுகள் படம் போட்டவர். 2020-ல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், சென்னையில் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ. அவர் வாழ்ந்த ஊரிலேயே எங்களில் பாதிப் பேர் இருந்தோம். ஸ்பைடரின் முதல் பதிப்புக்காக ஊர்விட்டு ஊர் பஸ் ஏறியவர்கள், டவுன் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போகவில்லை. பூந்தளிரின் ஆசிரியராக இருந்த வாண்டுமாமா 2014-ல் மறைந்தபோதும் இதேதான். இரங்கல் எழுதுவதில் மட்டும் நாங்கள் தாமதித்ததில்லை.

அயல்நாட்டு நாயகர்களை உயிராக நேசித்தோமே, அவர்களை உருவாக்கியவர்களையாவது அறிந்தோமா? இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன். அவன் கதைகளின் இருட்டையும் ஒளியையும் வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. குற்றச் சக்கரவர்த்தியாக அறிமுகமாகிப் பிறகு நல்லவனான ஸ்பைடர் 1965-ல் ‘லயன்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்தான்; படம் ரெக் பன். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை “அது வேற டைப்” என்று ஒதுக்கிய நாங்கள், அவனைப் படைத்தவரின் கதையைத்தான் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிரிட்டிஷ் இதழ்கள் தங்கள் ஓவியர்களின் பெயரை அச்சிட்டதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நாட்டு ரசிகர்கள் கோட்டின் போக்கை வைத்தே யார் வரைந்தது என்று தோண்டி எடுத்தார்கள். நாங்கள் இதழ் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்.

வாங்கிக் குவித்ததைப் பாதுகாத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகங்கள் அச்சானது மட்டமான செய்தித்தாளில். மரத்தை அப்படியே அரைத்த கூழ் என்பதால் அதில் லிக்னின் நிறைய. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும், அமிலம் கூடும், கடைசியில் அப்பளம்போல நொறுங்கும். நாங்கள் என்ன செய்தோம்? கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினோம். சில வருடத்தில் டேப் காய்ந்து கழன்று, பசை மட்டும் படத்தின் மேல் காப்பிக் கறையாக நின்றது. சென்னைப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி மூடினோம். ஈரம் உள்ளேயே தங்கி, ஸ்டேபிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றது. பத்துப் பத்தாகச் சேர்த்து பைண்டிங்குக்குக் கொடுத்தோம். பைண்டர் ஓரத்தைச் சீராக வெட்டினார். வசன பலூனின் கடைசி எழுத்துகள் அவர் கடைத் தரையில் விழுந்தன. பைண்டிங் தடிமனாகிறது என்று சிலர் ஆசிரியர் பக்கத்தையும் வாசகர் கடிதங்களையும் விளம்பரங்களையும் கிழித்தே எறிந்தார்கள். கதையை இன்னொரு நாள் மறுபதிப்பில் படித்துவிடலாம். எந்த ஊர்ப் பையன் எந்தக் கதைக்காகக் கெஞ்சிக் கடிதம் போட்டான் என்பது அந்தக் கிழித்த பக்கங்களில்தான் இருந்தது.

எதையும் எறியாமல் சேர்த்தவர்களும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நூல்களோடு நாடக நோட்டீஸையும் துண்டுப் பிரசுரத்தையும்கூட விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. அவருக்குப் பிடித்தது, பிடிக்காதது என்ற பிரிவு இல்லை. நாங்கள் அவரைப் பெருமையாக மேற்கோள் காட்டுவோம், எங்கள் அலமாரியைப் பூட்டி வைத்துக்கொண்டே. எங்களில் சிலர் அட்டைப்படங்களைப் பதிவேற்றினார்கள், இதழ்வாரியாகப் பட்டியல் போட்டார்கள். அவர்களை இதில் சேர்க்கக் கூடாது. மற்ற நாங்கள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, எங்களிடம் இல்லாததை மட்டும் டிக் அடித்தோம்.

இப்போது காட்சி மாறிவிட்டது. கடைக்காரர் கைபேசியில் தேடி விலை சொல்கிறார். மலிவு காலம் முடிந்தது என்று அலுத்துக்கொள்கிறோம். இரண்டு ரூபாய்க்கு வாங்கியதை ஆயிரங்களுக்கு விற்று அந்த விலையை ஏற்றியவர்களும் எங்களவர்களே. 2012-ல் லயன் மீண்டு வந்தபோது கொண்டாடினோம். ஆனால் புது இதழுக்குச் சந்தா கட்டச் சொன்னால் தாள் தரம், மொழிபெயர்ப்பு, விலை என்று ஆயிரம் குறை. நைந்துபோன பழைய பிரதிக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும்போது அந்தக் குறை எதுவும் கண்ணில் படுவதில்லை.

சிவகாசியில் இந்த காமிக்ஸ்களுக்கு அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் இன்று எழுபதை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை எத்தனையோ. ஆங்கில வசனத்தை அழித்துவிட்டு, அதைவிட நீளமான தமிழை அதே பலூனுக்குள் எப்படி அடக்கினீர்கள்? ஆடை குறைந்த படங்களில் மையால் துணி வரைந்து மூடியது யார், மூடச் சொன்னது யார்? அட்டைப்படம் ஒன்றுக்கு என்ன கொடுத்தார்கள்? மூல ஓவியங்களை வேலை முடிந்ததும் என்ன செய்தீர்கள்? எழுதியவர் பெயரை ஏன் போடவில்லை, நீங்கள் கேட்டீர்களா? எங்களில் சிவகாசி போய் வந்தவர்கள் நிறைய. எல்லோரும் கேட்டது, பழைய ஸ்டாக் ஏதாவது கிடக்கிறதா என்று.