இழுக்கும், நிறுத்துமா?

சென்ற மாதம் இங்கிலாந்திலிருந்து எமக்கொரு மடல் வந்தது. எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவர். இப்பொழுது யோக்சயர்ப் பகுதியிலே ஒரு சிற்றூரில் மனைவி மக்களோடு வாழ்கின்றார். நலம் விசாரித்த பின்னர் அவர் கேட்டிருந்த கேள்வி எம்மைச் சிறிது திகைக்க வைத்தது. "சேர், குதிரைப் பெட்டி இழுப்பதற்குப் பாவித்த கார் ஒன்று வாங்கவேண்டும். இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?" என்பதே அக்கேள்வி.

குதிரையென்றால் நெடுந்தீவிலே மேய்ந்து திரியும் குதிரைகளையும் நுவரெலியாப் பந்தயத்தையும் நினைப்பவர்கள் நாம். அந்நாட்டிலோ நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் குதிரையேற்றம் பயில்கின்றனர். குதிரையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு இரு சில்லுப் பெட்டியிலோ நாற்சில்லுப் பெட்டியிலோ ஏற்றிக் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்கின்றனர். எம் மாணவரின் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கென ஒரு குதிரையும், பழைய பெட்டியொன்றும் இருந்தன. இழுப்பதற்கேற்ற கார்தான் இல்லை.

மடலின் பிற்பகுதியைப் படித்தபோதுதான் இது விளையாட்டுக் கேள்வியன்று என்பது எமக்குப் புலப்பட்டது. சில மாதங்களுக்கு முன்னர் நண்பரொருவரின் சிறு காரை இரவல் வாங்கிப் பெட்டியைக் கொளுவிச் சென்றிருக்கின்றார். பெனைன் மலைத்தொடரைக் கடக்கும் எம் 62 பெருந்தெருவில் இறக்கமொன்றிலே பெரிய லொறியொன்று பக்கத்தால் முந்திச் சென்றது. அந்தக் காற்றின் தள்ளுதலில் பெட்டி பாம்புபோல இருபுறமும் ஆடத் தொடங்கியது. பெட்டி ஆட, அதன் முன்னே காரும் ஆடியது. இவர் பதறிப் பிறேக்கை மிதியாமல், எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு சுக்கானை நேராகப் பிடித்திருந்தபடியால் ஆட்டம் மெல்ல அடங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால், வீடு சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது குதிரை வியர்வையில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றதாம். அன்றுதொட்டு அது பெட்டியில் ஏற மறுத்தது. மகளோ தந்தையிடம் ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. "அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், சேர்" என்று எழுதியிருந்தார்.

இனி அந்த இரண்டு கார்களையும் பார்ப்போம். முதலாவது பளபளப்பானது, ஓடிய தூரமும் குறைவு, விலை 6,800 பவுண். அதற்கு 200 பவுண் முற்பணமும் கொடுத்துவிட்டார். இரண்டாவது டீசலில் ஓடும் நாற்சில்லுழப்புக் கார், வயதிற் கூடியது, ஒரு கதவில் நெளிவு, விலை 6,200 பவுண். முதலாவதை விற்பவர், "தாராளமாக இழுக்கும்" என்று உறுதி கூறினாராம்.

இழுக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. சமதரையிலே சில்லுகளின் மேல் நிற்கும் பாரத்தை அசைப்பதற்குப் பெரிய வலு வேண்டியதில்லை. அசைந்து ஓடத் தொடங்கிய பாரத்தை நிறுத்துவதிலும், நேர்வழியில் வைத்திருப்பதிலுமே காரின் தகுதி தெரியும். ஓடும் பொருளின் இயக்கசத்தி அதன் திணிவோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகுவதென்பதை மாணவர் அறிவர். மணிக்கு 50 மைல் வேகம் 60 ஆகும்போது வேகம் ஐந்திலொரு பங்கே கூடுகின்றது. சத்தியோ 44 வீதம் கூடுகின்றது. அவ்வளவையும் பிறேக்குகள் வெப்பமாக்கி வெளியேற்றவேண்டும். ஆதலாற்றான் பிரித்தானியாவில் இழுவண்டி கொளுவிய காருக்கு ஒற்றைப் பாதையில் 50 மைலும், பெருந்தெருக்களில் 60 மைலும் உச்ச வேகமென விதித்திருக்கின்றனர்.

நாம் முதலிற் செய்யச் சொன்னது கூட்டற் கணக்கு. குதிரையின் நிறை ஏறக்குறைய 500 கிலோ. இரு குதிரைக்குரிய பெட்டியின் வெறும் நிறை 900 கிலோ. சேணம், வைக்கோல், நீர் முதலியன 100 கிலோ. ஆக 1,500 கிலோ. சில நாட்களில் மகளின் தோழியின் குதிரையையும் ஏற்றிச் செல்ல நேரும் என்று எழுதியிருந்தார். அப்பொழுது 2,000 கிலோ. இதனை உத்தேசத்தில் விடாது, பெட்டியையும் குதிரையையும் பொது நிறுவைத் தராசில் ஒருமுறை ஏற்றி நிறுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கழித்தற் கணக்கு. கார் செய்தவர்கள் அதன் உடலிலே சிறு தகடொன்றைப் பொருத்தியிருப்பர். அதில் நான்கு நிறைகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, காரும் அதிலேறியோரும் சாமான்களும் சேர்ந்த உச்ச நிறை. இரண்டாவது, காரும் இழுவண்டியும் சேர்ந்த உச்ச நிறை. மற்றையிரண்டும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், பாரமேற்றிய கார் எவ்வளவை இழுக்கலாமென்பது வரும். இரண்டாவது நிறை குறிக்கப்படாதிருப்பின் அக்கார் இழுப்பதற்கு உரியதன்று என்று கொள்ளவேண்டும். மின்சாரக் கார்களிலும் கலப்பு வகைக் கார்களிலும் சில இவ்வாறு இருப்பதுண்டு. கையேட்டிற் குறித்த இழுவை எல்லையையும் ஒப்பிட்டு, இரண்டிற் குறைந்ததையே கொள்ளவேண்டும்.

மாணவர் இரு தகடுகளையும் படம் பிடித்து அனுப்பினார். பளபளப்பான காரில் 1,950, 3,450. வேறுபாடு 1,500. ஒரு குதிரையோடு எல்லையின் விளிம்பு. இரண்டாவது குதிரை ஏறினால் 500 கிலோ மிகை. நெளிந்த கதவுக் காரில் 3,200, 6,700. வேறுபாடு 3,500.

இவ்வளவிலே நின்றுவிடலாகாது. இழுவண்டியின் நிறை காரின் சொந்த நிறையில் 85 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று அந்நாட்டில் வண்டியிழுக்கப் பழகுவோர்க்கு அறிவுரை கூறுவர். இது சட்டமன்று; ஆயினும் பின்னால் வருவது முன்னாற் செல்வதை ஆட்டிவைக்காமலிருக்க நல்ல அளவுகோல். முதலாவது காரின் சொந்த நிறை 1,450 கிலோ. ஒரு குதிரையோடேயே பெட்டி காரை மிஞ்சுகின்றது. இரண்டாவதன் நிறை 2,400 கிலோ. இரு குதிரைகளோடும் 84 வீதத்துக்கு உட்படுகின்றது. அன்றியும் குதிரை மூட்டையன்று. உயரத்தில் நின்று, வளைவிலும் பிறேக்கிலும் கால்மாற்றிச் சமநிலை தேடும் உயிர்ப்பாரம். கணக்கில் அதற்கும் இடம் விடவேண்டும்.

மாட்டுவண்டி பூட்டியவர்களுக்கு மற்றொரு நுட்பம் தெரிந்திருக்கும். பாரம் பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும். முன்னே மிகுந்தால் எருதின் கழுத்து நோகும். கார்க் கொளுவியிலும் அதே நியாயந்தான். கொளுவியின் மேல் பெட்டியின் மூக்கு அழுத்தும் பாரம் குறைந்தால் பெட்டி ஆடும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சில்லுகள் பிடிப்பிழக்கும். ஈரப் புற்றரையிலிருந்து புறப்படவேண்டிய குதிரைப் பெட்டிக்கு முன்சில்லுழப்புக் காரினும் நாற்சில்லுழப்புக் கார் உகந்ததாவது இக்காரணத்தாலேயே. ஒரு குதிரையை மட்டும் ஏற்றினால், அந்நாட்டில் அதனைச் சாரதியின் பக்கமாகிய வலப்புறத்தில் நிறுத்துவர். வீதி இடவோரமாகச் சரிந்திருப்பதே காரணம்.

கணக்கில் வென்ற காரெல்லாம் வாங்கத் தகுந்த காராகிவிடாது. பாவித்த காருக்கு ஒரு சரித்திரம் உண்டு. நாமும் ஒருமுறை பூச்சின் மினுக்கத்தைக் கண்டு பழைய காரொன்றை வாங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே புறப்பட்டுப் பளையைத் தாண்டுமுன் அது ஆவி கக்கி நின்ற வெயிலிலே இப்பாடத்தைக் கற்றோம். ஆகவே மாணவருக்கு நாம் எழுதிய முறை இது: 

காரின் அடியிற் குனிந்து பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவர். உப்பு அடிச்சட்டத்தையும் கொளுவி பொருத்திய இடத்தையும் அரிக்கும். பின்வில்லுகள் தாழ்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கியர் மாற்றும் கார் என்றால், மேட்டிலே உயர்ந்த கியரில் அமர்த்தி மிதித்துப் பாருங்கள். இயந்திரத்தின் ஒலி மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச்சுத் தேய்ந்துவிட்டது. தானாகக் கியர் மாறும் காராயின், அதன் எண்ணெய் கறுத்துக் கருகல் மணம் வீசுமானால் விலகிவிடுங்கள். மிகை பாரம் இழுத்த கார்களுக்கு அந்த நோய் வரும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே உங்கள் முன்னால் இயக்கச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் இணையத்தளத்திலே காரின் இலக்கத்தைக் கொடுத்தால், ஆண்டுதோறும் நடந்த தகுதிப் பரிசோதனைகளின் முடிவும், ஓடிய மைல்களும், சுட்டிய குறைகளும் இலவசமாகத் தெரியும். அதைப் படிக்காமற் பணம் கொடுக்கவேண்டாம். 1998 ஆகஸ்ட் 1 தொடக்கம் பதிவான கார்களுக்குக் கொளுவி அங்கீகாரம் பெற்ற வகையாயிருத்தல் வேண்டும். லண்டன் போகும் எண்ணமிருப்பின், 2023 ஆகஸ்ட் 29 முதல் அந்நகரின் எல்லாப் பகுதிகளிலும் பழைய டீசல் கார்கள் பலவற்றுக்கு நாட்கட்டணம் உண்டென்பதையும் கணக்கிற் சேருங்கள்.

பெட்டியையும் மறவாதீர்கள். 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குச் சொந்தப் பிறேக்கு இருத்தல் சட்டம். கார் வேகந் தணியும்போது பெட்டி முன்னே தள்ள, அத்தள்ளுதலே அதன் பிறேக்கைப் பிடிக்கச் செய்யும். கொளுவி கழன்றாற் பிறேக்கை இழுக்கும் சிறு கம்பி ஒன்றுண்டு, அது அறாதிருக்கவேண்டும். ரயர்கள் தேயாமலே முதுமையால் வெடிக்கும். தரைப்பலகை உக்கியிருந்தால் அதன்மேல் நிற்பது உங்கள் மகளின் குதிரை.

சாரதிப் பத்திரத்தைப் பற்றியும் வினவியிருந்தார். 1997 ஜனவரி 1இற்குப் பின்னர் கார்ப் பத்திரம் பெற்றோர் பெரிய இழுவண்டிகளுக்குத் தனிச் சோதனை எழவேண்டிய நிலை முன்பு இருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் 3,500 கிலோ வரையுள்ள இழுவண்டிக்கு அது தேவையில்லை. சட்டம் அனுமதி தந்துவிட்டது, பழக்கம் தரவில்லை. ஆகையால் முதலில் வெறும் பெட்டியோடு பின்னோக்கிச் செலுத்தப் பழகுமாறு எழுதினோம்.

இறுதியில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே எஞ்சியிருந்தது. "200 பவுணையும் இழந்துவிடவா, சேர்?" சிறிது நாணத்தோடு மற்றொன்றும் எழுதியிருந்தார். குதிரைப் பள்ளிக்கு வரும் ஏனைய பெற்றோரின் கார்களுக்கிடையே நெளிந்த கதவோடு போய் நிற்க மனம் கூசியதாம். அந்த நாணத்தை நாம் இகழவில்லை. அயல்நாட்டில் மகளுக்குத் தலைகுனிவு வரக்கூடாதென்று எண்ணுவது தந்தையின் இயல்பு. ஆயினும் இவ்வாறு பதில் எழுதினோம்: "தம்பி, 200 பவுண் போனால் உழைத்துக்கொள்ளலாம். அன்று பெருந்தெருவில் உமக்கு வாய்த்த நல்லூழ் மறுமுறையும் வருமென்று எந்தக் கணக்கும் சொல்லாது."

வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், மென்மையான மயிலிறகாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியுமென்கின்றார். அரசர்க்குச் சொன்ன அறிவுரை அது. தன் வலியும், தான் ஏற்ற பாரத்தின் வலியும் அறிதல் குடும்பத் தலைவனுக்கும் வேண்டுவதே.

முற்பணம் திரும்பவில்லை. நெளிந்த கதவுக் கார் வீடு வந்தது. அதனைப் பெட்டியோடு வயலில் நிறுத்திவிட்டு, மகள் நாள்தோறும் குதிரையைச் சாய்பலகை வரையில் நடத்திச் சென்று, வற்புறுத்தாது திரும்ப அழைத்து வந்தாளாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வந்தது. குதிரை முன்னங்கால் ஒன்றைப் பலகைமேல் வைத்து நிற்கின்றது. மகள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் தந்தையைப் பார்த்துச் சிரிக்கின்றாள்.