காலைத் தொட்டுப் பார்த்தபின் காலுறை

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் பெற்றோர், மூன்று மாதத்துக்கான சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: "ஃப்ளைட்டுல போடுற அந்த சாக்ஸையும் எழுதிக் குடுங்க டாக்டர்." நாமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அளவு இல்லை, அழுத்தம் இல்லை. மருந்துக்கடையில் இருப்பது கிடைக்கும்.

காலுறை பயனுள்ளதுதான். 2001இல் லான்செட் இதழில் வெளியான ஸ்கர் குழுவினரின் ஆய்வில், காலுறை அணியாத 116 பயணிகளில் 12 பேருக்குக் கெண்டைக்கால் சிரையில் அறிகுறியற்ற உறைவு காணப்பட்டது. அணிந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பின்னர் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், 2,637 பேரில் அத்தகைய உறைவு ஏற்பட்ட 50 பேரில் 47 பேர் காலுறை அணியாதவர்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் எவருக்கும் அறிகுறியுள்ள உறைவோ நுரையீரல் அடைப்போ வரவில்லை. ஆகவே "இது உயிரைக் காக்கும்" என்று பயணியிடம் சொல்ல நமக்கு ஆதாரம் போதாது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் உறைவு அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் என்றது 2007இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வறிக்கை. இரட்டித்த பிறகும் அது ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான். ரயிலுக்கும் பேருந்துக்கும்கூட இது பொருந்தும். 1940இல் லண்டன் குண்டுவீச்சுக் காப்பிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்தவர்களுக்கே நுரையீரல் அடைப்பு வந்ததே!

நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது சௌகரியத்தைப் பற்றி: வீக்கம் குறையும், பாரம் குறையும், இறங்கும்போது செருப்பு காலில் ஏறும். அறுபதைக் கடந்தவருக்கு இது சின்ன விஷயமல்ல. சௌகரியத்துக்காக எழுதினால் சௌகரியத்துக்கென்றே சொல்லிக் கொடுக்கலாம். முன்பு உறைவு வந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோர் கதை வேறு. அவர்களுக்குக் காலுறை போதுமா, ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்று தனியே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

நம் ஊரில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது தமனியைப் பற்றி. நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் காலில் இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். இறுக்குவது வலித்தாலும் மரத்துப்போன பாதம் சொல்லாது. பாத நாடியைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாடி தட்டுப்படாவிட்டால் காலுறை வேண்டாம், முதலில் தமனிப் பரிசோதனை. சுண்ணம் படிந்த தமனியில் கணுக்கால்-கை அழுத்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், எண் சரியாக இருக்கிறதென்று நிம்மதியடைய முடியாது. பத்து கிராம் மோனோஃபிலமெண்டையும் அன்றே வைத்துப் பார்த்துவிடலாம்.

சீட்டில் "முழங்காலுக்குக் கீழ், 15–20 மி.மீ. பாதரசம்" என்று எழுதுவோம், கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவையும் சேர்த்து. வீக்கம் ஏறாத காலை நேரத்தில் அளக்க வேண்டும். நீளம் அதிகமென்று மேல் விளிம்பை மடித்துவிட்டால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும். வாங்கியதை எடுத்துவரச் சொல்லி, நம் முன்னிலையிலேயே போட வைப்பது நல்லது. மூட்டுவலியால் குனிய முடியாத அம்மா தனியாகப் பயணம் செய்கிறார் என்றால், வீட்டிலேயே யாராவது போட்டுவிட்டு அனுப்பட்டும். இறங்கிய பிறகு கழற்றிவிட அங்கே மகள் இருப்பார்.