கொடி எந்தப் பக்கம் பறக்கும், நடுவர் சார்?

என் சித்தி பையன் ஏழாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்காக மூணு வாரம் உட்கார்ந்து தெர்மாகோலிலும் ஐஸ் குச்சியிலும் ஒரு பாய்மரக் கப்பல் செய்தான். பாயெல்லாம் முன்பக்கமாகப் புடைத்திருக்கும். உச்சியில் இருந்த கொடியையும் முன்பக்கம் பறப்பது போலவே ஒட்டியிருந்தான். பார்க்க வந்த நடுவர், "கப்பல் முன்னாடி போனா கொடி பின்னாடிதானே பறக்கும்? இதுகூடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, மார்க்கைக் குறைத்துவிட்டுப் போய்விட்டார். பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நான் படிப்பது பி.காம். ஃபிசிக்ஸைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன். ஆனாலும் சொல்கிறேன், தப்பு நடுவர் மேல்தான்.

பைக்கில் கட்டின கட்சிக்கொடி பின்னாடி பறக்கும், ஒத்துக்கொள்கிறேன். பைக்கைத் தள்ளுவது பெட்ரோல். பாய்மரக் கப்பலைத் தள்ளுவதே காற்றுதானே சார்? பின்னாலிருந்து 15 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது, கப்பல் 8 நாட்டில் போகிறது என்று வையுங்கள். மிச்சம் 7 நாட் காற்று கப்பலை முந்திக்கொண்டு முன்பக்கம் வீசும். கொடியும் அந்தப் பக்கம்தான் நீளும். காற்று நேர் பின்னால் இருக்கும்போது பாய்மரக் கப்பல் அந்தக் காற்றை முந்தவே முடியாது. 1869-ல் கட்டின கட்டி சார்க் 17.5 நாட் வரை ஓடின அசுரக் கப்பல். அதற்கும் இதே கதிதான்.

1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் சண்டை. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. நெல்சனின் விக்டரி அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து எதிரி வரிசையை நோக்கிப் போனது. அன்று அதன் கொடிகள் பறந்த மட்டும், பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களின் பக்கமாகத்தான் பறந்திருக்கும். நம்ம நடுவர் அங்கே இருந்திருந்தால் நெல்சனுக்கும் மார்க் போயிருக்கும்!

கொடி பின்பக்கம் பறக்கவே பறக்காதா என்றால், பறக்கும். எதிர்க்காற்றில் சாய்ந்து சாய்ந்து ஏறும்போது பின்பக்கமும் ஓரமுமாகப் பறக்கும். ஆனால் அப்போது பாய் கட்டிய குறுக்குக் கட்டைகளை நன்றாகத் திருப்பி வைத்திருப்பார்கள். கடையில் விற்கிற பல பொம்மைக் கப்பல்களைப் பாருங்கள். கட்டை சிலுவை மாதிரி நேர்குறுக்கே நிற்கிறது, பாய் முன்னால் புடைக்கிறது, பசை போட்டு விறைத்த கொடி மட்டும் பின்னால்! ஒரே கப்பலுக்கு ரெண்டு காற்றா? எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் பொய்க்கணக்கு.

இத்தனைக்கும் அந்த ஹாலிலேயே ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கப்பலுக்குப் பின்னால் வைத்து, ஒரு துண்டு நூலைப் பிடித்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா? பையனிடம் "ஏன்டா இப்படி ஒட்டினே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

இப்போது கொடியைப் பிய்த்துத் திருப்பி ஒட்டப் போகிறேன் என்று நிற்கிறான். ஃபெவிகாலை ஒளித்து வைத்திருக்கிறேன்.