வலி பொய்யில்லை, விளம்பரம்?

"உனக்கு வேலை செய்தால் சரிதானே, பிறகேன் ஆராய்ச்சி?" பீனிசக்காரர் நாலு பேர் கூடினால் இந்த வசனம் வராமல் போகாது. எங்கட வட்டத்திலும் வருது. கன்னத்துக்குள்ள கல்லு வைச்சமாதிரிப் பாரம், குனிஞ்சால் கண்ணுக்குக் கீழ குத்து எண்டு வருசக்கணக்காய் அவதிப்படுகிறவருக்கு, குளிசையே வேண்டாம், முகத்தில இதைப் பிடித்தால் போதும் எண்டு ஒரு கருவி வந்தால் ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசையை நாங்கள் நக்கலடிக்கேல்லை. அதில் காசு பார்க்கிறவர்களிடம்தான் கேள்வி.

இது பழைய வியாபாரம். 1796இல் அமெரிக்க வைத்தியர் எலிஷா பெர்கின்ஸ் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை எடுத்தார். நோகிற இடத்தில் இழுத்துத் தடவினால் நோவு போகுமாம். இங்கிலாந்திலும் அமோக விற்பனை. 1799இல் பாத் நகரில் ஜோன் ஹேகார்த் என்ற வைத்தியர் அதேமாதிரி மரக்குச்சி செய்து, வாதநோயாளர் ஐந்து பேருக்குத் தடவினார். நான்கு பேர் சுகம் எண்டார்கள். மரத்தில் என்ன மின்சாரம் இருந்தது?

அந்த நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்களின் நோவு உண்மையிலேயே குறைந்தது, ஆனால் குச்சியால் அல்ல. எதிர்பார்ப்பும் நோவைக் குறைக்கும். நாட்பட்ட நோவு ஏறி இறங்கும். உச்சத்தில் கருவியைத் தேடுவோம், அது தானாக இறங்கும்போது பெயர் கருவிக்குப் போகும். அதனால்தான் "எனக்குச் சுகமாச்சு" என்பது சாட்சி, சோதனை இல்லை.

சோதனை என்றால் எப்படி? பெல்ஜியத்தில் நெற்றியில் ஒட்டி மெல்லிய மின்தூண்டல் தரும் செஃபாலி என்ற கருவியை மைகிரேன்காரர் 67 பேரில் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு உண்மைக் கருவி, மீதிப் பேருக்குப் பாசாங்குக் கருவி. மூன்று மாதம், நாளுக்கு 20 நிமிடம். தலையிடி நாட்கள் பாதியாய்க் குறைந்தவர்கள் உண்மைக் குழுவில் 38 வீதம், பாசாங்குக் குழுவில் 12 வீதம். 2013இல் முடிவு வெளியானது. அற்புதம் இல்லை, ஆனால் நேர்மையான இலக்கம். அதிலும் ஒரு ஓட்டை: உண்மைக் கருவி நல்லாய்க் கூசும், ஆகவே எது தன் கையில் இருக்கிறது எண்டு ஆட்கள் ஊகித்திருக்கலாம்.

இன்னொரு விசயம். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், "சைனஸ் தலையிடி" எண்டு நம்பியிருந்த 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 வீதமானவர்களின் அறிகுறிகள் மைகிரேன் வகைக்கே பொருந்தின. அப்ப, பீனிசத்துக்கு எண்டு விற்கிற கருவி எந்த நோயைச் சுகப்படுத்துது?

"மருந்தில்லை, ஆகவே பாதிப்பில்லை" எண்டும் கதைக்கிறார்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவரிடம் மின்கருவி பற்றி அப்படிக் கதைக்க ஏலாது. மற்றவருக்கும் காசு போகும், சரியான நோயைக் கண்டுபிடிக்கிற காலமும் போகும்.

ஆகவே வாங்க முதல் மூன்றைக் கேளுங்கோ: பாசாங்குக் கருவியோடு ஒப்பிட்டார்களா? எத்தனை பேரில், எவ்வளவு காலம்? சோதனைக்குக் காசு கொடுத்தது ஆர்? பதில் இல்லாமல் "ஆயிரக்கணக்கானோர் பயனடைந்தனர்" எண்டு மட்டும் வந்தால், ஹேகார்த்தின் மரக்குச்சியை நினையுங்கோ. அதிலும் ஐந்துக்கு நான்கு பேர் பயனடைந்தார்கள்.