பருவுக்கு மாத்திரையா? உஷார்!

"அண்ணே, பருவுக்கு அந்தக் காப்ஸ்யூல் ஒரு அட்டை குடுங்க. போன மாசம் வாங்கினேனே, அதான்!"

கும்பகோணம் பெரிய கடைத் தெருவானாலும் சரி, மகாமகக் குளத்தங்கரையானாலும் சரி, மருந்துக் கடை ஓரமாகச் சற்று நின்றால் இந்தக் குரல் காதில் விழும். நிச்சயதார்த்தம் நெருங்கிய பெண், காலேஜ் பையன் என்று ஆள்தான் மாறும். கையில் டாக்டர் சீட்டு இருக்காது.

டாக்சிசைக்ளினும் மினோசைக்ளினும் டாக்டர்களே பருவுக்கு எழுதித் தரும் நல்ல மருந்துகள்தான். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தைரியம்தான் வினை!

அபூர்வமாகச் சிலருக்கு மினோசைக்ளின் ஒத்துக்கொள்ளாது. அதுவும் உடனே தெரியாது. இரண்டிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் அடிக்கும். உடம்பு சிவந்து தடிக்கும். முகம் வீங்கும், கழுத்தில் நெறி கட்டும். கல்லீரல் கெட்டு உயிருக்கே உலை வைத்துவிடும். ஆங்கிலத்தில் இதற்குச் சுருக்கப் பெயர் 'ட்ரெஸ்'! (பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.)

மாத்திரை தொடங்கி ஒரு மாசம் ஆச்சே, அதனால் இருக்காது என்று வீட்டில் நினைப்பார்கள். அம்மை என்று வேப்பிலை வைப்பார்கள். வேப்பிலை வைக்கட்டும், தப்பில்லை. காப்ஸ்யூலையும் வேளை தவறாமல் கொடுப்பார்களே, அதுதான் விபரீதம்!

சல்ஃபா கலந்த கோ-டிரைமாக்சசோல் இன்னொரு வகை. அது ஒவ்வாதவருக்கு வாயிலும் கண்ணிலும் புண் வரும், தோல் கொப்பளித்து உரியும். 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க டாக்டர்கள் விவரித்த நோய் இது. இந்த அறிகுறி கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

சட்டம் இல்லாமலில்லை. 1945-ம் வருஷ மருந்து விதிகளின் 'எச்' பட்டியலில் உள்ள சரக்கு இது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையிலேயே எறும்பு சைஸில் அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் படிக்காத எழுத்தா?

டாக்டரிடம் போனால் அரை நாள் போச்சு, காசும் போச்சு என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால் எத்தனை நாள் போகும்?

மருந்து இன்ஸ்பெக்டர்கள் கடைகளுக்கு அடிக்கடி வர வேண்டும். "முன்னே ஏதாச்சும் மருந்து ஒத்துக்காமப் போச்சாம்மா?" என்று கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் 1800-180-3024 என்ற இலவச போனில் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். 2010-ல் தொடங்கிய திட்டம் இது. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பர்ஸில் பஸ் பாஸோடு வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.